முதலிடம் யாருக்கு? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

1976ஆம் ஆண்டுப் படங்களில் ஆஸ்கர் சிறந்த பட விருதுக்குப் போட்டியிட்ட ஐந்தையும் நீங்கள் வரிசைப்படுத்தியிருந்ததைப் படித்தேன். ‘ஆல் தி பிரசிடெண்ட்ஸ் மென்’, ‘டாக்ஸி டிரைவர்’, ‘ராக்கி’, ‘நெட்வொர்க்’, ‘பவுண்ட் ஃபார் குளோரி’ என்று போகிறது பட்டியல். இரண்டு நிருபர்கள் படம் முழுக்கத் தொலைபேசியில் பேசுவதற்கா முதலிடம்? முடிவும் ஊரறிந்த கதை. விருது வாங்கிய ‘ராக்கி’ மூன்றாவது, ‘நெட்வொர்க்’ நான்காவது என்பதையும் ஏற்க முடியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

தொலைபேசிக்காகத்தான் அந்தப் படத்துக்கு முதலிடம் கொடுத்தேன். வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்து பிடிபட்டவர்களில் ஒருவருடைய வங்கிக் கணக்குக்கு 25,000 டாலர் காசோலை எப்படி வந்தது என்று நிருபராக வரும் ராபர்ட் ரெட்ஃபோர்ட் விசாரிக்கும் காட்சியை இன்னொருமுறை பாருங்கள். ஏறத்தாழ ஆறு நிமிடம், வெட்டே கிடையாது. பின்னால் செய்தி அறை தன்பாட்டில் இயங்குகிறது. கேமரா நமக்கே தெரியாமல் நெருங்கி, கடைசியில் முகம் மட்டுமே மிஞ்சுகிறது. பதற்றத்தில் எதிர்முனையில் இருப்பவரை வேறொருவர் பெயரால் அழைத்துவிட்டு, உடனே திருத்திக்கொள்கிறார். இயக்குநர் ஆலன் பகுலா அந்தத் தடுமாற்றத்தை அப்படியே விட்டுவைத்தார். இதைப் படம்பிடித்த கார்டன் வில்லிஸ் அவ்வாண்டின் ஒளிப்பதிவுப் பரிந்துரையில் இடம்பெறவே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

முடிவு தெரிந்த கதைதான். அந்த ஊழலால் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகியது 1974 ஆகஸ்டில். படம் வந்தது 1976 ஏப்ரலில். அரங்கில் உட்கார்ந்த எல்லோருக்கும் முடிவு தெரியும். ஆனால், பயந்துபோன ஒரு மனிதரை எப்படிப் பேசவைப்பது என்பது யாருக்கும் தெரியாது. ஜேன் அலெக்சாண்டர் நடித்த அந்தக் கணக்காளர் பெண்ணை நினைத்துப் பாருங்கள். இன்னொரு நிருபராக வரும் டஸ்டின் ஹாஃப்மன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்து போக மனமில்லாதவராக அமர்ந்து, மெல்ல மெல்ல வாயைக் கிளறுகிறார். அந்தப் பெண் பெயர்களைச் சொல்லவில்லை, முதலெழுத்துகளை மட்டும் சொல்கிறார். ஒரு வேலையின் நுணுக்கத்தை இவ்வளவு மரியாதையோடு காட்டிய படங்கள் மிகக் குறைவு. என் பட்டியலுக்கு அதுவே அளவுகோல்.

‘டாக்ஸி டிரைவர்’ படத்திலும் ஒரு தொலைபேசிக் காட்சி உண்டு. தன்னை ஒதுக்கிவிட்ட பெண்ணிடம் டி நீரோ கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே கேமரா அவரை விட்டு நகர்ந்து, யாருமில்லாத நடைவழியைப் பார்த்து நின்றுவிடுகிறது. அந்த அவமானத்தைப் பார்க்க அதற்கே மனம் வரவில்லை. பகுலாவின் கேமரா நெருங்கிப்போகிறது, ‘டாக்ஸி டிரைவர்’ இயக்குநர் ஸ்கார்செசியின் கேமரா விலகிப்போகிறது. இரண்டும் ஒரே ஆண்டில். இரண்டில் ஒன்றுக்கு முதலிடம் கொடுக்க நான் மிகவும் யோசித்தேன். அந்தப் படத்துக்காக ஸ்கார்செசியை இயக்குநர் விருதுக்குப் பரிந்துரைக்கக்கூட இல்லை என்பது மன்னிக்க முடியாத தவறு.

‘ராக்கி’யை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குத்துச்சண்டையை விட, மூடிய பனிச்சறுக்குக் கூடத்தில் நடக்கும் காட்சிதான் எனக்கு அந்தப் படம். குத்துச்சண்டை வீரன் ராக்கி, காவலாளிக்குப் பத்து டாலர் கொடுத்துப் பத்து நிமிடம் வாங்குகிறான். அவன் விரும்பும் பெண் ஏட்ரியன் தட்டுத்தடுமாறிச் சறுக்க, அவன் சாதாரணக் காலணியோடு பக்கத்தில் ஓடிக்கொண்டே பேசுகிறான். மீதி எத்தனை நிமிடம் என்று காவலாளி கத்திக்கொண்டே இருக்கிறார். கூட்டம் நிறைந்ததாக எழுதப்பட்ட காட்சி அது. துணை நடிகர்களுக்குப் பணமில்லாததால் கூடம் காலியானது. அந்த வெறுமைதான் இருவரையும் சேர்த்துவைக்கிறது.

‘நெட்வொர்க்’ விஷயத்தில் நீங்கள் என்னை மாற்ற முடியாது. வசனம் கூர்மையானதுதான், பீட்டர் ஃபின்ச்சின் நடிப்பும் பெரியதுதான். ஆனால், ஆளுக்கு ஆள் எழுத்தாளரின் குரலிலேயே சொற்பொழிவாற்றுகிறார்கள். சுமார் ஐந்து நிமிடமே வந்து துணை நடிகை விருதை வென்ற பியாட்ரிஸ் ஸ்ட்ரெய்ட், துரோகம் செய்த கணவனிடம் வெடிக்கும்போது மட்டும் ஒரு வீட்டுக்குள் இருப்பதாக உணர்ந்தேன்.

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பவுண்ட் ஃபார் குளோரி’ நீளமானது, இடையிடையே தொய்வானது. ஆனாலும் விட்டுவிடாதீர்கள். கேமராக்காரர் கிரேனிலிருந்து இறங்கி, பிழைப்புத் தேடி வந்தவர்களின் முகாமுக்குள் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துபோகும் அந்த ஒரே ஷாட்டில்தான் நடந்துகொண்டே ஆடாமல் படம்பிடிக்க உதவும் ஸ்டெடிகாம் கருவி திரைப்படத்துக்குள் நுழைந்தது. ஹாஸ்கல் வெக்ஸ்லருக்கு ஒளிப்பதிவு விருது கிடைத்ததில் எனக்கு எந்த மாற்றுக்கருத்தும் இல்லை.

அன்புடன்.