கிரவுனுக்கு வெட்டிய பல்லை அளப்பது எப்படி? கேள்வி பதில்

கிரவுன் பிரெபரேஷனுக்கு, அதாவது பல்லுக்கு மேல் செயற்கை உறை (கிரவுன்) போட அதைச் சுற்றி வெட்டுவதற்கு, மார்க் போடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொழும்பில் பல் மருத்துவ மாணவர்களின் வெட்டுகளைத் திருத்துகிறவள் என்பதால் எனக்கும் இதில் நிறையச் சொல்ல இருக்கிறது.

அக்கா, ஒரே பல்லுக்கு ஒரு சேர் 65 போடுகிறார், இன்னொருவர் 48. இது நியாயமா? (மாணவி, வெள்ளவத்தை)

நியாயமில்லை. ஆனால் அதிசயமும் இல்லை, தங்கச்சி. டேப்பர் (வெட்டிய பல்லின் சுவர்கள் கடிக்கும் பக்கமாக ஒடுங்கும் கோணம்) 10 பாகையா 16 பாகையா என்று வெறுங்கண்ணால் பிரித்துச் சொல்வது கஷ்டம். அதே பல்லைப் பெயர் மறைத்து அடுத்த கிழமை கொடுத்தால் அதே சேரே வேறு மார்க் போடக்கூடும். பரீட்சைக்கு முன்பு திருத்துபவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சில பற்களுக்கு மார்க் போட்டு ஒத்துப்பார்த்தால் இந்த இழுபறி குறையும்.

டேப்பர் 6 பாகை வரவே மாட்டேன் என்கிறது.

யாருக்குத்தான் வருகிறது! 6 என்பது குறி. வெட்டிய பல்லுக்குப் போதிய உயரம் இருந்தால் 10 முதல் 20 பாகை வரை ஏற்கலாம்; கடைவாய்ப் பல்லுக்கு 4 மில்லிமீற்றர், மற்றவற்றுக்கு 3 இருக்க வேண்டும். டேப்பர் என்பது எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் கோணம். ஒரு சுவரின் சாய்வு அதில் பாதிதான். பல்லை வெட்டும் சுழல்முனையான பர்ரே கூம்பாக இருப்பதால் அதை நேராகப் பிடித்தால் போதும், மணிக்கட்டைச் சரிக்காதீர்கள். பார்க்கும்போது ஒரு கண்ணை மூடுங்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் அண்டர்கட் (கிரவுன் இறங்க முடியாதபடி சுவர் உட்குழிந்த இடம்) இருந்தும் தெரியாமல் போகலாம்.

ஸ்கேனர் இல்லாமல் எப்படி அளப்பது? (தெஹிவளை)

வெட்டும் முன்பே சிலிகோன் புட்டியை (பிசைந்த மாவு போன்ற அச்சுப் பொருள்) அமுக்கி அச்சு எடுங்கள், அயல் பற்களையும் சேர்த்து. இறுகியதும் கன்னப்பக்கத்திலிருந்து நாக்குப்பக்கமாக பிளேடால் அறுங்கள். வெட்டிய பிறகு பாதி அச்சைத் திரும்ப வைத்து, இடைவெளியில் பெரியோ புரோபை (மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய அளவுக்கம்பி) விட்டுப் பாருங்கள். முழு உலோகக் கிரவுன் என்றால், எதிர்ப்பல்லின் குழிக்குள் இறங்கும் முனையில் 1.5 மில்லிமீற்றர், மற்ற முனையில் 1. அச்சு அயல் பற்களில் சரியாக அமரவில்லையென்றால் அளவு முழுக்கப் பொய்.

ஸ்கேனர் இருந்தால் இந்தத் தகராறே வராதல்லவா அண்ணை? (பம்பலப்பிட்டி)

முதலில், அண்ணை இல்லை, அக்கா! தகராறு வேறு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். சரியாக வெட்டிய மாதிரிப் பல்லின் ஸ்கேனையும் உங்கள் ஸ்கேனையும் மென்பொருள் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வித்தியாசத்தை நிறத்தில் காட்டும். எதை வைத்துப் பொருத்தினோம் என்பதில்தான் எல்லாம். வெட்டிய பல்லையே முழுதாகப் பொருத்தச் சொன்னால், அது பிழையை எல்லாப் பக்கமும் பங்குபோட்டு நல்ல படம் காட்டும், மேலே 0.5 மில்லிமீற்றர் கூட வெட்டியது பாதி மறைந்துவிடும். வெட்டாத அயல் பற்களை வைத்துப் பொருத்துங்கள். அப்புறம் சராசரி. ஒரு பக்கம் 0.3 கூட, மறுபக்கம் 0.3 குறைவு என்றால் சராசரி பூச்சியம்! நிறப்படத்தைப் பார்க்காமல் அந்த எண்ணுக்கு மார்க் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

டொக்டர், மாணவர்கள் எங்கள் பல்லிலா பழகுகிறார்கள்? (கொட்டாஞ்சேனை)

இல்லை ஐயா. முதலில் பொம்மைத் தலையில் பிளாஸ்டிக் பல். பிறகுதான் நோயாளி, அதுவும் மேற்பார்வையில்.

அயல் பல்லில் பர் பட்டுவிட்டால் மென்பொருள் பிடிக்குமா?

வெட்டிய பல்லை மட்டும் ஒப்பிடச் சொல்லியிருந்தால் பிடிக்காது. அதனால் மார்க் தாளில் அதற்குத் தனி வரி வேண்டும். நீங்கள் இடையில் உலோக மேட்ரிக்ஸ் பேண்ட் (மெல்லிய தகட்டுப் பட்டை) வைத்து வெட்டுங்கள்.