லினக்ஸ் தொடக்கத் திரை: படத்தை மாற்றியும் மாறவில்லையா?

கேள்வி: உபுண்டுவில் தொடக்கத் திரைப் படத்தை மாற்றிச் சேமித்தேன். மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தும் பழைய படமே வருகிறது. எங்கே தவறு?

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதே இடத்தில்தான் நிற்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் மாற்றிய படம் வட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் திரையில் தெரிவது அந்தப் படம் அல்ல. கணினி கிளம்பும் முதல் சில விநாடிகளில் உங்கள் ரூட் பகிர்வு (இயங்குதளக் கோப்புகள் இருக்கும் வட்டின் பகுதி) இன்னும் இணைக்கப்பட்டிருக்காது. அந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் கட்டி வைத்திருக்கும் சின்ன மூட்டைதான் இனிட்ராம்எஃப்எஸ். இயங்குதளத்தின் மையமான கர்னல் அதை நினைவகத்தில் பிரித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். தொடக்கத் திரையை வரையும் பிளைமவுத், அதன் தீம், படங்கள் எல்லாமே அந்த மூட்டைக்குள் பிரதியாக இருக்கின்றன. மூட்டையைத் திரும்பக் கட்டும்வரை பழைய பிரதிதான் தெரியும்.

உபுண்டு, டெபியன் இரண்டிலும் நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை, சிறிய எழுத்து யு குறியோடு கொடுங்கள். ஃபெடோராவில் பிளைமவுத்-செட்-டிஃபால்ட்-தீம் கட்டளையில் பெரிய எழுத்து ஆர் குறியும் தீமின் பெயரும் கொடுத்தால் தீம் மாறுவதும் மூட்டை கட்டுவதும் ஒன்றாக முடிந்துவிடும்.

உபுண்டு கட்டளை சும்மா கொடுத்தால் கடைசியாக வந்த கர்னலின் மூட்டையை மட்டுமே புதுப்பிக்கும். அது நல்லதுதான். புதிய தீம் ஏதாவது குளறுபடி செய்தால், கணினி கிளம்பும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம். முதல் முறை செய்பவர்கள் எல்லா கர்னலுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டாம் என்பேன்.

அப்புறம் இரண்டு விஷயம். ஒரு தீமை நகலெடுத்துப் புதுப் பெயர் வைத்தால், அதன் பிளைமவுத் கோப்பில் இமேஜ்டிர் என்ற வரி இருக்கும். அதையும் புது அடைவுக்கு மாற்றுங்கள். மறந்தால் படங்கள் பழைய அடைவிலிருந்தே வரும். இன்னொன்று, படம் பிஎன்ஜி வடிவில் இருக்க வேண்டும். ஜேபெக் கோப்பின் பெயரை மட்டும் பிஎன்ஜி என்று மாற்றினால் வேலை செய்யாது. ஜிம்ப் என்ற பட நிரலில் திறந்து முறையாக ஏற்றுமதி செய்யுங்கள்.

கேள்வி: என் லேப்டாப் நிறுவனத்தின் லோகோ தொடக்கத் திரையிலும் நிற்கிறது. எடுக்க முடியுமா?

பாதி முடியும். கணினியின் ஃபர்ம்வேர், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் உள்ளமைந்த நிரல், தான் காட்டும் லோகோவை பிஜிஆர்டி என்ற அட்டவணை வழியாக இயங்குதளத்துக்கும் கொடுக்கிறது. அதே பெயருள்ள பிளைமவுத் தீம் அதை வாங்கி அதே இடத்தில் திரும்ப வரைகிறது, திரை நடுவில் சிமிட்டாமல் இருப்பதற்காக. ஸ்பின்னர் தீமுக்கு மாறினால் லினக்ஸ் வரையும் லோகோ போய்விடும். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் வருவது ஃபர்ம்வேரின் வேலை. லினக்ஸால் அதைத் தொட முடியாது.

கீழே தெரியும் விநியோகத்தின் (உபுண்டு, ஃபெடோரா போன்றவை) சின்னத்தை மட்டும் மாற்ற நினைப்பவர்கள், ஸ்பின்னர் அடைவில் வாட்டர்மார்க் என்ற பிஎன்ஜி கோப்பைத் தேடுங்கள். பிஜிஆர்டி தீமும் அந்த அடைவிலிருந்துதான் படங்களை எடுக்கிறது.

கேள்வி: வட்டை என்கிரிப்ட் செய்திருக்கிறேன். இணையத்தில் எடுத்த தீமைப் போட்டதும் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரவே இல்லை. கணினி போய்விட்டதா?

போகவில்லை, பயப்படாதீர்கள். எஸ்கேப் விசையை அழுத்துங்கள். படம் விலகி எழுத்துத் திரையில் கேள்வி தெரியும். எனக்கும் ஒருமுறை நடுராத்திரியில் இது நடந்தது. அரை மணி நேரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் எஸ்கேப் நினைவுக்கு வந்தது.

ஸ்கிரிப்ட் வகைத் தீம்களில், அதாவது திரையில் வருவதையெல்லாம் ஒரு சிறு நிரலே வரையும் தீம்களில், கடவுச்சொல் பெட்டியை வரைவதும் தீம் எழுதியவரின் பொறுப்பு. செட்-டிஸ்ப்ளே-பாஸ்வேர்டு-ஃபங்ஷன் என்ற அழைப்பு ஸ்கிரிப்ட் கோப்பில் இல்லையென்றால் பெட்டி வராது. போடுவதற்கு முன்பே கோப்பைத் திறந்து அந்த வரியைத் தேடுங்கள். இல்லாத தீம் எவ்வளவு அழகாக இருந்தாலும் என்கிரிப்ட் செய்த கணினியில் போடாதீர்கள்.

கேள்வி: என்விடியா டிரைவர் நிறுவியதிலிருந்து தீம் போய், பெரிய பெரிய எழுத்துகள்தான் வருகின்றன.

2008-ல் ஃபெடோரா 10-இல் பிளைமவுத் அறிமுகமானபோது, திரையின் அளவைக் கர்னலே அமைக்கும் வசதியை நம்பித்தான் அது எழுதப்பட்டது. அதற்கு முன் தொடக்கப் படத்துக்காகவே ஒரு எக்ஸ் சர்வரை (சன்னல்களைத் திரையில் காட்டும் நிரல்) ஓட்ட வேண்டியிருந்தது. என்விடியா டிரைவரில் அந்த வசதி முடக்கப்பட்டிருந்தால், அல்லது டிரைவர் தாமதமாக ஏறினால், இப்படித்தான் ஆகும். கிரப்பின் கர்னல் வரியில் என்விடியா-டிஆர்எம் மாட்யூலின் (கர்னலில் ஏறும் டிரைவர் துண்டு) மோட்செட் மதிப்பை 1 ஆக்கி அந்த வசதியை இயக்குங்கள். என்விடியா மாட்யூல்களையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேருங்கள். பிறகு கிரப்பையும் மூட்டையையும் புதுப்பியுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக் கணினிகளில் தமிழில் ‘வணக்கம்’ என்று வர வேண்டும். எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது.

இப்படி ஒருவர் கேட்டதே எனக்குச் சந்தோஷம். தமிழ் எழுத்துரு உங்கள் வட்டில் இருக்கிறது, மூட்டைக்குள் இல்லை. கட்டம் வருவது அதனால்தான். எழுத்துருவை உள்ளே சேர்த்தாலும் ‘கொ’, ‘பே’ போன்றவற்றில் கொம்பை முன்னால் கொண்டுவந்து சேர்க்கும் நிரலும் அங்கே இருந்தாக வேண்டும். அந்த வம்பே வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரலில் பிடித்த எழுத்துருவில் எழுதி, பின்னணி ஒளிபுகும் பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து, தீமில் படமாகவே வையுங்கள். எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி வரும்.

கேள்வி: எஸ்எஸ்டி போட்டபின் படம் ஒரு விநாடிகூட நிற்பதில்லை. நிறுத்தி வைக்க வழி உண்டா?

கணினி கிளம்பும்போது சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் காத்திருக்கச் சொல்லி ஒரு சேவை எழுதலாம். நான் செய்ய மாட்டேன். வேகத்துக்குத்தானே எஸ்எஸ்டி வாங்கினீர்கள். படத்தை ஆசை தீரப் பார்க்க வேண்டுமென்றால், உபுண்டுவில் பிளைமவுத்-எக்ஸ்11 தொகுப்பை நிறுவினால் ஒரு சன்னலிலேயே சோதிக்கலாம். பின்னணியில் ஓடும் பிளைமவுத்டி நிரலைத் தொடங்கி, ஷோ-ஸ்பிளாஷ் கொடுத்து, பத்து விநாடி ஸ்லீப், கடைசியில் குவிட். இவற்றை ஒரே வரியில் எழுதிவிடுங்கள். அப்போதுதான் திரை மாட்டிக்கொள்ளாமல் தானாகவே மூடும்.