மலைத் தோட்டங்களும் அரிய கொடிகளும்: வாசகர் கேள்விகள்

கோடைக்கு ஊட்டி, குன்னூர் போய் வந்தவர்கள் இம்முறை அதிகம் கேட்டிருப்பது கொடிகளைப் பற்றித்தான்.

குன்னூரில் ஒரு பழைய பங்களாப் பந்தலில் மஞ்சளும் செம்பழுப்புமாகப் பூச்சரம் தொங்கியது. கோவையில் வளருமா?

நீங்கள் பார்த்தது துன்பெர்ஜியா மைசூரென்சிஸ். வெளிநாட்டுச் செடி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, தென்னிந்திய மலைக்காடுகளே அதன் பிறப்பிடம். குளிர் நாடுகளில் கண்ணாடி வீடு கட்டி இதை வளர்க்கிறார்கள். நம் மலையடிவார வீடுகளில் இதைக் காண்பது அபூர்வம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கோவையில் வளரும். காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் இடமாகப் பாருங்கள். வேர்ப்பகுதியில் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு மூடாக்குப் போட்டால் கோடையிலும் ஈரம் நிற்கும், தண்ணீரும் மிச்சம். சரம் இரண்டு, மூன்று அடி நீளும் என்பதால் பந்தல் எட்டடிக்குக் குறையக் கூடாது. பூத்து முடிந்த பிறகே கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். இதன் தேனுக்குத் தேன்சிட்டு நாள் முழுக்க வரும், ஆகவே பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம்.

அப்புறம், நாற்றங்காலில் நீலப் பூவுள்ள துன்பெர்ஜியா கிராண்டிஃப்ளோராவைக் கொடுத்தால் யோசியுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் காட்டு மரங்களையே போர்த்தி மூடிய கொடி அது. கிழங்கு மண்ணில் தங்கிவிட்டால் ஒழிப்பது கடினம்.

ஜேட் வைன் கோத்தகிரியில் பூக்குமா?

அந்தக் குளிர் அதற்கு ஆகாது. பிலிப்பைன்ஸின் வெப்பக்காட்டுக் கொடி அது. 15 டிகிரிக்குக் கீழே போனால் வாடும். நாகர்கோவில் பக்கம் முயன்று பார்க்கலாம். சொந்த மண்ணில் வௌவால்கள்தான் அதற்கு மகரந்தம் சேர்க்கின்றன. லண்டன் கியூ தோட்டத்தில் 1995இல் கையால் மகரந்தம் சேர்த்துத்தான் காய்க்க வைத்தார்கள். எனவே விதைக்குக் காத்திராமல் பதியம் போடுங்கள்.

பூங்காவில் ஒரு துண்டு கிள்ளி வந்தால் என்ன தவறு?

ஊட்டி தாவரவியல் பூங்காவை 1848இல் உருவாக்கத் தொடங்கியவர் கியூவில் பயின்ற மக்ஐவர். அன்றிலிருந்து எத்தனையோ தோட்டக்காரர்கள் காத்து வளர்த்த இடம் அது. மலர்க் கண்காட்சி நாட்களில் வரும் ஆயிரக்கணக்கானோரில் நூறு பேர் கிள்ளினாலும் ஒரு கொடி மொட்டையாகிவிடும். கிள்ளிய காயம் வழியே நோயும் ஏறும். பெயரைக் குறித்துக்கொண்டு நாற்றங்காலில் வாங்குங்கள்.

செங்காந்தளைத் தொட்டியில் வைக்கலாமா? வீட்டில் சின்னக் குழந்தை உண்டு.

நம் மாநில மலர், ஆசைப்படுவது சரிதான். ஆனால் கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம். கோல்கிசின் என்ற மருந்துப்பொருளுக்காகத்தான் மூலனூர், தாராபுரம் பக்கம் இதைப் பயிரிடுகிறார்கள். அதே பொருள் வயிற்றுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. குழந்தை வளரும்வரை பொறுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காய் முற்றியதும் கொடி காய்ந்துவிடும், செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டாதீர்கள். கலப்பை வடிவக் கிழங்கு உள்ளே உறங்குகிறது. அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

கொடி கட்ட நைலான் கயிறு போதுமா?

வேண்டாம், தண்டை அறுக்கும். தேங்காய் நார்க்கயிறும் மூங்கிலும் போதும். மக்கினால் மாற்றிக்கொள்ளலாம்.

பட்டாம்பூச்சிக்காக ஒரே ஒரு கொடி என்றால் எது?

ஈஸ்வரமூலி. பகட்டான பூ கிடையாது. ஆனால் கருப்பும் பொன்மஞ்சளுமான பொன்னழகிப் பட்டாம்பூச்சி இதன் இலையில் முட்டையிடும். இதே குடும்பத்தில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த, புள்ளித்துணி போன்ற பூவுள்ள ஒரு கொடி கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பட்டாம்பூச்சி ஏமாந்து அதில் முட்டையிட, புழுக்கள் தின்று சாகின்றன. ஈஸ்வரமூலியைப் புழுக்கள் சில நாளில் குச்சியாக்கிவிடும், பதறவேண்டாம். வேர் இருந்தால் மீண்டும் தழைக்கும். இரண்டு கொடி வைத்தால் ஒன்று தளிர்ப்பதற்குள் இன்னொன்றில் புழுக்களுக்குத் தீனி இருக்கும்.