சவரக் கத்தியும் துருவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மடக்கு சவரக் கத்தியைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை துருவைப் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: சவரம் முடிந்ததும் கத்தியைக் கழுவி, துண்டால் நன்றாகத் துடைத்த பிறகே மடக்கி வைக்கிறேன். ஆயினும் இரண்டு வாரங்களில் கைப்பிடியை ஒட்டிய பகுதியில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிட்டன. அதோடு, சாணை பிடித்து ஒரு மாதம் ஆவதற்குள் கத்தி முடியைப் பிடித்து இழுக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: நீங்கள் துடைப்பதில் குறையில்லை, துடைத்தவுடன் மடக்குவதுதான் குறை. இரண்டு தொல்லைகளாக நீங்கள் எழுதியிருப்பவை உண்மையில் ஒன்றே. ஒன்று கண்ணுக்குத் தெரியும் துரு, மற்றது கண்ணுக்குத் தெரியாத துரு.

பழைய முறைச் சவரக் கத்திகள் ஏறத்தாழ 1 சதவீதம் கார்பன் கலந்த எஃகினால் ஆனவை. கூர்மைக்கு அது மிகச் சிறந்தது. ஈரத்தைத் தாங்குவதில் மிக மோசமானது. அலகின் மேல் ஒரே ஒரு நீர்த்துளி தங்கினாலும் போதும். துளியின் ஓரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதாகக் கரைகிறது, நடுவில் அவ்வளவு கரைவதில்லை. இந்த வேறுபாட்டினால் துளி ஒரு சிறு மின்கலம் போல இயங்கி, நடுவிலுள்ள இரும்பு கரைய, அதைச் சுற்றித் துரு வளையமாகப் படிகிறது. வியர்வையின் உப்பும் குழாய் நீரில் கரைந்திருக்கும் உப்புகளும் அந்த மின்னோட்டத்தை எளிதாக்குவதால், துருவும் விரைவில் ஏறுகிறது.

துண்டு எட்டாத இடங்கள் இரண்டு. முதலாவது, அலகும் கைப்பிடியும் சேரும் ஆணியைச் சுற்றியுள்ள இடுக்கு. கத்தியைக் குழாயடியில் காட்டும்போது அங்கே நுழைந்த நீர், மடக்கியபின் வெளியேற வழியின்றிப் பல மணி நேரம் தங்குகிறது. இரண்டாவது, வெட்டும் விளிம்பு. நன்றாகத் தீட்டிய விளிம்பின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் வரை. இவ்வளவு மெல்லிய இடத்தில் துரு பிடித்தால் செந்நிறமாகத் தெரிவதற்கு அங்கே இரும்பே போதாது. விளிம்பு உதிர்ந்து மழுங்குவது மட்டுமே நமக்குத் தெரியவரும். உடனே சாணையைக் குறை சொல்கிறோம்.

ஆகவே வழக்கத்தைச் சற்று மாற்றிப் பாருங்கள். கழுவும்போது அலகை மட்டும் நீரில் காட்டி, கைப்பிடியை உயர்த்திப் பிடியுங்கள். வெந்நீராக இருந்தால் எஃகு சூடேறி, எஞ்சிய ஈரம் விரைவில் உலரும். பருத்தித் துணியால் அலகின் தடித்த முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் துணியும் கிழியும், விரலும் கிழியும். அடுத்து ஒரு மெல்லிய காகிதத்தை நாடாவாகச் சுருட்டி, கைப்பிடியின் இரு பக்கங்களுக்கும் இடையில் நுழைத்து ஆணி வரை இழுத்துவிடுங்கள். நன்றாகத் துடைத்ததாக நீங்கள் நம்பிய கத்தியிலிருந்தும் அந்தக் காகிதம் ஈரமாகவே வெளிவரும். அலகு முழுதும் உலர்ந்தபின், கத்தியைத் தீட்டும் பட்டையான வாரை எடுத்து, துணி வாரில் பத்து முறையும் தோல் வாரில் பத்து முறையும் அழுத்தமின்றி இழுத்தால், விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஈரப்படலமும் போய்விடும். இந்தக் கடைசி வேலையைப் பலர் தவிர்க்கிறார்கள். எண்ணெயைவிட இதற்கே நான் அதிக மதிப்பளிப்பேன். பிறகு கத்தியைப் பாதி திறந்த நிலையில், குழந்தைகள் கைக்கு எட்டாத உலர்ந்த இடத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டு மடக்கலாம்.

படிகாரம் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல். தோலை வழுக்காமல் இழுத்துப் பிடிப்பதற்காக விரல் நுனியில் படிகாரம் தடவிக்கொண்டு, அதே விரலால் கத்தியின் கழுத்தை, அதாவது அலகுக்கும் ஆணிக்கும் இடையில் நாம் பிடிக்கும் பகுதியை, தொடுகிறோம். படிகாரக் கரைசல் அமிலத் தன்மை உடையது. கட்டைவிரல் பட்ட இடத்தில் மறுநாள் கட்டைவிரல் அளவிலேயே ஒரு கறை காத்திருக்கும்.

கேள்வி: எந்த எண்ணெய் பூச வேண்டும்? நாள்தோறும் பூச வேண்டுமா?

பதில்: நாள்தோறும் சவரம் செய்பவர் கத்தியை முறையாக உலர்த்தினால் எண்ணெய் தேவையில்லை. சில நாட்களுக்கு மேல் கத்தியைத் தொடப்போவதில்லை என்றாலோ, காற்றில் ஈரம் மிகுந்த பருவத்திலோ பூசுவது நல்லது. தையல் இயந்திரத்துக்குப் போடும் தெளிந்த மினரல் ஆயில் போதும். ஜப்பானியர் கத்திகளுக்குப் பூசும் கமேலியா எண்ணெயும் ஏற்றது. சமையல் எண்ணெய்கள் காலப்போக்கில் காற்றுடன் வினைபுரிந்து பிசுபிசுப்பாகும், புளித்த வாடை வீசும். ஆளி விதை எண்ணெயோ உலர்ந்து தோல் போல் ஒட்டிக்கொள்ளும். இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

பக்கத்துக்கு ஒரு துளி, ஆணிக்கு ஒரு துளி, அவ்வளவே. ஈரம் இருக்கும்போது பூசிய எண்ணெய் அந்த ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிடும் என்பதால், உலர்த்தாமல் எண்ணெய் பூசுவதைவிடப் பூசாமல் இருப்பதே மேல். வாரில் தீட்டுவதற்கு முன் எண்ணெயைத் துடைத்துவிட மறவாதீர்கள். எண்ணெய் ஊறிய தோல் வார் பிறகு பழைய நிலைக்கு வருவது அரிது.

கேள்வி: தோல் உறையில் போட்டுக் குளியலறை அலமாரியில் வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு அரிப்பது வேகமெடுக்கும். ஒருவர் வெந்நீரில் குளித்து முடித்த அறையில் அது எளிதில் தாண்டிவிடுகிறது. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதோடு, பதனிட்டபோது சேர்ந்த அமிலங்களையும் உப்புகளையும் எஃகில் ஏற்றிவிடக்கூடும். பயணத்துக்கு உறை சரி, நிலையாக வைத்திருப்பதற்குச் சரியில்லை.

கேள்வி: தாத்தாவின் கத்தி பல ஆண்டுகளாக உலர்ந்த பெட்டியில் எண்ணெய் பூசியே இருந்தது. தண்ணீரே படாத கத்தி இப்போது கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதியில் மட்டும் துருப்பிடித்திருக்கிறது. கைப்பிடி தேன் நிறத்தில் ஒளி ஊடுருவுவது போல் இருக்கும். இப்போது அதில் நுண்ணிய வெடிப்புகள். காரணம் என்ன?

பதில்: நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் கைப்பிடி செல்லுலாய்டாக இருக்க வேண்டும், தந்தம், ஆமையோடு ஆகியவற்றுக்குப் பதிலாக ஒரு காலத்தில் அது மிகுதியாகப் பயன்பட்டது. அது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள். முதுமையில் அது சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளிவிடுகிறது; அவை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலம் ஆகின்றன. ஆகவே இங்கே துருவுக்குக் காரணம் வெளியிலிருந்து வந்த ஈரமன்று, கைப்பிடியே. மூடிய பெட்டி அந்த வாயுவை வெளியேற விடாமல் நிலைமையை மோசமாக்கியது. எண்ணெய்ப் படலம் இதைத் தாமதப்படுத்தலாமே தவிரத் தடுக்காது.

முதலில் அதை மற்றக் கத்திகளிடமிருந்து பிரித்து, திறந்த, குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அருகிலுள்ள கத்திகளையும் அதே வாயு கெடுக்கும். செல்லுலாய்டு மிக எளிதில் தீப்பற்றும் என்பதால் நெருப்புக்கு அருகில் வைக்கக் கூடாது. அலகைக் காப்பாற்ற விரும்பினால், ஆணியைக் கழற்றிக் கைப்பிடியை மாற்றுவதே வழி. தாத்தாவின் கைப்பிடியை எறிய மனம் வராது என்பது புரிகிறது. அதை அலகிலிருந்து பிரித்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: துரு ஏறிவிட்ட கத்தியை மீட்க முடியுமா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தி வாங்கினால் இந்தக் கவலையே இல்லை அல்லவா?

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உலோகவியலாளர் ஹாரி பிரியர்லி 1913-இல் வார்த்தெடுத்த ஸ்டெயின்லெஸ் எஃகில் ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் இருந்தது. இத்தகைய எஃகின் மேல் குரோமியம் ஆக்சைடு படலமாகப் படிந்து காக்கிறது. ஆனால் உப்பு நீர் அந்தப் படலத்தையும் ஆங்காங்கே துளைக்கும். கவலை குறையும், உலர்த்தும் வேலை குறையாது.

துருவைப் பொறுத்தவரை நிறத்தைப் பாருங்கள். செந்நிறப் பொடியாக இருந்தால் மேற்பரப்பில்தான் உள்ளது. உலோகப் பாலிஷைத் துணியில் தொட்டு, அலகின் நீளவாக்கில், விளிம்பைத் தொடாமல் தேய்த்தால் போய்விடும். அலகில் பொன்முலாம் எழுத்து இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பாலிஷ் துருவோடு பொன்னையும் எடுத்துவிடும். செம்மையின்றிச் சாம்பல் நிறம் மட்டும் படர்ந்திருந்தால் அதைத் தேய்க்க வேண்டியதில்லை. கறுத்த புள்ளியை நகத்தால் வருடும்போது பள்ளம் தட்டுப்பட்டால் அது குழி. துருவை எடுத்தாலும் குழி நிற்கும். முதுகுப் பக்கத்துக் குழியால் தீங்கில்லை. விளிம்பை ஒட்டிய குழி மட்டும் சாணையில் தேயத் தேய விளிம்புக்கே வந்து, அங்கே பல்லாக உடையும். அத்தகைய கத்தியில் சாணை பிடிப்பவர் குழியைக் கடந்து புதிய விளிம்பு எடுக்குமளவு அகலம் எஞ்சியிருக்கிறதா என்று முதலில் கேட்டறிந்து, பிறகு செலவு செய்யுங்கள்.