ஹைதராபாத்தில் கடல் இல்லை

கேள்வி:

நானும் என் கணவரும் சென்னையில் ஒரே நிறுவனத்தில் பணிபுரிகிறோம். திருமணமாகி 12 ஆண்டுகள் ஆகின்றன. 9 வயதில் மகளும் 6 வயதில் மகனும் இருக்கிறார்கள். மாமனார் காலமான பிறகு அத்தை எங்களுடன்தான் இருக்கிறார். இரண்டு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து, கடந்த ஜூன் மாதம் நாங்கள் இருவர் மட்டும் பிரான்ஸின் தெற்குக் கடற்கரைக்குச் சென்று நீஸ் நகரில் ஏழு நாட்கள் தங்கினோம். கடல் தெரியும் அறைக்காகக் கூடுதல் பணம் கொடுத்தேன். ஆனால் அந்த ஏழு நாட்களும் என் கணவர் எதிலும் ஒட்டவில்லை. ஓவியர் மத்தீஸின் அருங்காட்சியகத்துக்குப் போனால், "நீ போய்ப் பார்த்துவிட்டு வா" என்று ஆலிவ் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பழைய நகரத்தில் ஸோக்கா சாப்பிட்டபோது, "அம்மாவுக்கு இது பிடிக்கும்" என்றவர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. மாலை ஐந்தரை மணிக்கு வீட்டிலிருந்து வீடியோ கால் வரும் என்பதால் (வீட்டில் எங்கள் இருவருக்கும் ஹைதராபாத்தில் பயிற்சி என்று சொல்லியிருந்தோம், இத்தனை செலவா என்று பேச்சு வரும் என்பதால் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம்) தினமும் ஐந்து மணிக்கே அறைக்குத் திரும்பி, ஜன்னலின் மரக்கதவுகளைச் சாத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வெளியே கடல் மின்னிக்கொண்டிருக்கும். ஊர் திரும்பி மூன்று மாதங்கள் ஆகின்றன. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பக்கத்து ஊரான மாந்தோனில் வாங்கிய எலுமிச்சை ஜாம்கூட என் அலுவலக மேசை இழுப்பறையில் அப்படியே கிடக்கிறது. எங்களுக்குள் அன்பு வற்றிவிட்டதா? தம்பதியர் ஆலோசகரிடம் போக வேண்டுமா? அடுத்த ஆண்டு கிரேக்கத் தீவுகளுக்குப் போவதாக இருந்தோம், அதைக் கைவிட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அன்பு வற்றிவிட்டதா என்ற கேள்வி என் மேசைக்குப் பல ஆண்டுகளாக வந்துகொண்டே இருக்கிறது. கொடைக்கானல், அந்தமான், பாலி, சுவிட்சர்லாந்து என்று ஊர்ப்பெயர்தான் மாறுகிறது. கேட்பவர்கள் எல்லோரும், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள் என்ற ஒரு வரியை என்னிடமிருந்து எதிர்பார்க்கிறார்கள். அந்த வரியை உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: பட்டப்பகலில் உங்கள் கணவர் எதற்காக விளக்கைப் போட்டார்?

ஜூன் மாதத்து நீஸில் ஐந்தரை மணிக்கு வெயில் சாய்வதுகூட இல்லை. சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டிவிடும். கோடைக்காலத்தில் அந்த ஊருக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். ஆகவே சென்னையில் உங்கள் மாமியார் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, படுக்கை விரித்து, கைபேசியை எடுக்கும்போது இங்கே இரவு மணி ஒன்பது. ஹைதராபாத்திலும் அதே ஒன்பது. அங்கும் இருட்டியிருக்க வேண்டும். அதனால் உங்கள் கணவர் ஒரு நாள் தவறாமல் அந்த அறைக்குள் ஓர் இரவை உண்டாக்கினார். வெளிச்சத்தை மட்டும் அல்ல, சத்தத்தையும் அவர் வெளியே நிறுத்த வேண்டியிருந்தது. நீஸின் கரையில் மணல் கிடையாது, கூழாங்கற்கள்தான். அலை வந்து மோதும் ஓசையைவிட, அது பின்வாங்கும்போது கற்களை உருட்டி இழுத்துக்கொண்டு இறங்கும் சலசலப்பு காதில் நெடுநேரம் நிற்கும். ஹைதராபாத்தில் கடல் இல்லை. ஆகவே கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய கடலை, தாயின் காதில் விழாதபடி, அவர் தன் கையாலேயே அடைத்தார். இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர், "எதிலும் ஒட்டவில்லை" என்பது.

அந்த அரை மணி நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வெளியே கடல் மின்னிக்கொண்டிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கதவுகள் சாத்திய அறைக்குள் இருந்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. 1820-களில், குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அமைத்ததால் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்கும் அந்தக் கடலோர நடைபாதையில், நீல நாற்காலி ஒன்றில் நீங்கள் உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். சில நாட்கள் அறைக்கு வந்து பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். மற்ற நாட்களில் அம்மா எங்கே என்று அவர்கள் கேட்டபோது, வகுப்பு இன்னும் முடியவில்லை என்று இன்னொரு பொய்யைச் சேர்த்துச் சொன்னவர் அவராகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய பொய்யை ஏழு மாலைகள் அவர் தனியாகத் தூக்கிச் சுமந்திருக்கிறார். அந்த மனிதரைப் பார்த்து, என்மீது அன்பு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடிதம் முழுக்க "நான்" என்றும் "அவர்" என்றும் பிரித்தே எழுதுகிறீர்கள். அறை எடுத்தது நீங்கள், ஒட்டாமல் இருந்தது அவர். பொய்க்கு வரும்போது மட்டும், அதுவும் அடைப்புக்குறிக்குள், "முடிவு செய்தோம்" என்று பன்மை வந்துவிடுகிறது. அந்த யோசனை முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன்.

இனி அந்த ஸோக்காவுக்கு வருகிறேன். கடலைமாவைத் தண்ணீரிலும் ஆலிவ் எண்ணெயிலும் கரைத்து, அகன்ற செப்புத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பின் தணலில் ஓரம் கருகும்வரை சுட்டு, மிளகுத்தூள் தூவிக் கொடுப்பார்கள். வாயில் வைத்ததும் நம் வீட்டு அடுப்படியை நினைக்காத தமிழர் இருக்க முடியாது. அவரும் நினைத்தார். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று வாய் தவறிச் சொன்னார். சொன்ன மறுகணமே, இப்படி ஒன்றைச் சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் தன்னால் ஒருநாளும் சொல்ல முடியாது என்பது அவருக்கு உறைத்திருக்கும். அவர் வாயை அடைத்தது அதுதான். அந்த மௌனத்தில் அவர் உங்களிடமிருந்து விலகியதாக நினைத்து மனம் நொந்திருக்கிறீர்கள். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது, ஆனால் நீங்கள் நொந்த இடம் தவறு.

சிமியே குன்றில் அருங்காட்சியகத்துக்கு வெளியே அவர் ஆலிவ் மரத்தடியில் உட்கார்ந்ததும் அப்படித்தான். மத்தீஸ் அந்த ஊருக்கு 1917-இன் கடைசியில் உடல்நலம் சரியில்லாமல் வந்தார். விடாத மழையில் சலித்து, கிளம்பிவிடுவது என்று முடிவெடுத்த பிறகு, காற்று மேகத்தைக் கலைத்து வெளிச்சம் வந்ததைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார். 1954-இல் இறந்ததும் அங்கேதான். பாதி திறந்த மரக்கதவும் அதற்கப்பால் கடலுமாக, தங்கியிருந்த அறைகளின் ஜன்னல்களை அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். அப்படிப்பட்ட ஓவியரைப் பார்க்க, ஐந்து மணிக்கு அதே போன்ற ஜன்னலை அடைத்தாக வேண்டிய மனிதர் எந்த மனதோடு உள்ளே வருவார்?

என் நிலைப்பாட்டை நீங்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கணவனும் மனைவியும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் விட்டுவிட்டு ஒரு வாரம் தனியாகப் போய்வருவதில் பிழையே இல்லை. அதற்கு மாமியாரின் அனுமதி தேவை என்றும் நான் சொல்லமாட்டேன். உழைத்துச் சேர்த்த பணம் உங்களுடையது. ஆனால் உங்கள் பிள்ளைகளை ஏழு நாட்கள் மடியில் போட்டுக் காத்த ஒரு பெண்ணுக்கு, அவர்களைப் பெற்றவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். இது அனுமதி அல்ல, அவருக்கு நீங்கள் பட்ட கடன்.

ஐரோப்பிய விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். ஆபத்து என்றால் யாருக்குத் தகவல் சொல்வது என்ற இடத்தில் யார் பெயரை எழுதினீர்கள்? அந்தக் கரையோரச் சாலையில் உங்களுக்கு ஏதாவது நேர்ந்திருந்தால், பிரான்ஸிலிருந்து வரும் அழைப்பை, என் மகன் ஹைதராபாத்தில் அல்லவா இருக்கிறான் என்று சொல்லித் துண்டித்திருப்பார் அந்த அம்மா. உங்கள் சின்ன மகன் கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டிருந்தால், அப்பா ராத்திரி விமானத்தைப் பிடித்து விடிவதற்குள் வந்துவிடுவான் என்று நம்பி, மருத்துவரிடம் காத்திருக்கச் சொல்லியிருப்பார். நீஸிலிருந்து சென்னைக்கு நேரடி விமானமே கிடையாது; பாரிஸிலோ துபாயிலோ மாறி வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். உங்கள் பொய்யை நம்பி அவர் எடுக்கும் முடிவுக்கு உங்கள் குழந்தை விலை கொடுத்திருக்கும். எதுவும் நடக்கவில்லை என்பதால் இதை நான் சும்மா விடமாட்டேன்.

உங்கள் மகளுக்கு 9 வயது. என்றோ ஒருநாள் உங்கள் கைபேசியில் அந்த நீலக் கடலின் படத்தை அவள் பார்ப்பாள். அம்மாவும் அப்பாவும் வெளிநாடு போனார்கள் என்பது அவளுக்குப் பெரிதாக இருக்காது. பாட்டியிடம் மறைக்கலாம், பாட்டி கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு வேறு ஊர்ப்பெயரைச் சொல்லலாம் என்பதைத்தான் அவள் கற்றுக்கொள்வாள். பதினேழு வயதில் அதை உங்களிடமே செய்வாள். அப்போது எனக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை.

இத்தனை செலவா என்று மாமியார் கேட்பார் என்று பயந்தீர்கள். கேட்பார்தான். என் மாமியாரும் கேட்டவர். பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு நாங்கள் நான்கு நாட்கள் கொடைக்கானல் போனபோது, கிளம்பும் நிமிடம்வரை முணுமுணுத்தார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, அங்கே என்ன சாப்பிட்டீர்கள், குளிர் தாங்கியதா என்று கேட்டுவிட்டுத்தான் காபி போடப் போனார். செலவைப் பற்றிய பேச்சு இரண்டு நாட்கள் ஓடியிருக்கும். நானும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்திருப்பேன். அவ்வளவுதான். நீங்களோ அந்த இரண்டு நாள் பேச்சைத் தவிர்க்கப் போய், கணவரின் வாயை மூன்று மாதங்களாக அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

ஆலோசகரிடம் இப்போது போக வேண்டாம். உண்மையைச் சொன்ன பிறகும் அவர் இதே போல் இருந்தால் அப்போது போகலாம். கிரேக்கப் பயணத்துக்கு இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள். வீட்டில் பகலிலேயே சொல்லிவிட்டுக் கிளம்ப முடிகிற நாளில் தாராளமாகப் போய் வாருங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளும் இருக்கும்போது, மாமியாருக்கு எதிரில் இருவரும் உட்காருங்கள். முதலில் பேச வேண்டியவர் நீங்கள். கணவரை முன்னால் தள்ளாதீர்கள். "அத்தை, ஜூன் மாதம் நாங்கள் ஹைதராபாத் போகவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னது நான்" என்று சொல்லுங்கள். உங்களுக்கு மனக்கஷ்டம் வேண்டாம் என்றுதான் மறைத்தோம் என்று தயவுசெய்து சேர்க்காதீர்கள். அது அவருக்காகச் செய்தது அல்ல. அவர் அழலாம், எழுந்து உள்ளே போய்விடலாம், இரண்டு வேளை உங்கள் கையால் சாப்பிடாமலும் இருக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், சமாதானம் செய்யக் கணவரை அனுப்பிவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.

இழுப்பறையில் கிடக்கும் ஜாமை முதலில் நீட்டாதீர்கள். லஞ்சம் போல் ஆகிவிடும். கோபம் தணிந்த பிறகு கொடுங்கள். இத்தாலிய எல்லைக்குப் பக்கத்தில், மலைச்சரிவில் படிப்படியாக வளர்க்கும் எலுமிச்சை அது. அந்த ஊரில் பிப்ரவரி மாதம் அதற்கென்றே திருவிழா நடக்கிறது. நீஸிலிருந்து மாந்தோனுக்கு நீங்கள் போன ரயில், சுரங்கத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரும்போதெல்லாம் கடல் பக்கத்திலேயே வந்து நிற்கும். அதையெல்லாம் உங்கள் கணவர் அவருடைய அம்மாவுக்குச் சொல்லட்டும், படத்தைக் காட்டட்டும். அவர் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்தப் பயணத்தை நீங்களும் அப்போதுதான் அவர் வாயால் முதல்முறையாகக் கேட்பீர்கள்.

ஒருவேளை மாமியாருக்கு இது புதிய செய்தியாக இல்லாமலும் போகலாம். ஏழு நாட்கள் வகுப்பறையில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்ன மகன், நெற்றியும் மூக்கும் வெயிலில் கறுத்துப்போய் வாசலில் வந்து நின்றதை அந்தத் தாய் பார்த்திருப்பார். பார்த்தும் கேட்காமல் இருந்திருப்பார். இனியும் அவரைக் கேட்காமலே வைத்திருக்காதீர்கள்.