அயர்லாந்து வம்சாவளிப் பிரபலங்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசிய நேர்காணல்களில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. எந்த நேர்காணல்கள் நல்லவை என்பது ஒன்று. அவர்கள் பிறந்த மண் அந்தப் பேச்சில் தெரிகிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்வேன்: வானியலாளர் ஜோசலின் பெல் பர்னெல். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன், அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வேன் என்பது உண்மைதான். ஆனாலும் இயற்பியலே பிடிக்காதவர்களுக்கும் அவரைத்தான் முதலில் சொல்வேன். கேட்கப்படும் கேள்வி ஒரு மனிதரை எப்படித் திறக்கும், எப்படி மூடும் என்பது இரண்டும் அவர் ஒருவரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

வேலையைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் சுலபமில்லை. ஜான் ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கத்துக்காக மட்டும் நான்கு ஆஸ்கர் வாங்கியவர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தாலும் அப்பா, அம்மா இருவரும் கால்வே பகுதியிலிருந்து போனவர்கள். இளம் இயக்குநர் பீட்டர் போக்டானோவிச் அவரைப் பாலைவனத்தில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார். அவருடைய மௌனப் படம் ஒன்றில் குதிரைகளும் வண்டிகளும் நிலம் பிடிக்கப் பாய்ந்து ஓடும் பிரம்மாண்டமான காட்சியை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். ‘கேமராவை வைத்து’ என்றார் ஃபோர்டு. அவ்வளவுதான். அந்தப் பேட்டி அந்த மனிதரின் முகத்தைப் பார்ப்பதற்கு நல்லது. வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவர் படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஜோசலின் பெல் இதற்கு நேர் எதிர். 1943இல் பிறந்தவர், வட அயர்லாந்தின் லர்கன் ஊர்க்காரர். குவேக்கர் குடும்பம். பதினோரு வயதில் எழுத வேண்டிய தேர்வில் அவர் தேறவில்லை. பள்ளியில் முதல் வாரம் பையன்களை அறிவியல் ஆய்வகத்துக்கும் பெண்களைச் சமையல் வகுப்புக்கும் பிரித்து அனுப்பினார்கள். அவருடைய பெற்றோரும் இன்னும் சிலரும் சண்டை போட்ட பிறகு அடுத்த அறிவியல் வகுப்பில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கட்டடக் கலைஞர், ஆர்மா கோளரங்கத்தின் வடிவமைப்பில் பங்கெடுத்தவர். வானியல் ஆசை அப்பாவின் வானியல் புத்தகங்களிலிருந்து வந்தது. ஆனால் வானியலாளர் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும், தனக்கோ தூக்கம் முக்கியம் என்று சின்ன வயதில் கவலைப்பட்டதாக அவரே சொல்வார். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராயும் ரேடியோ வானியல் என்று ஒன்று இருக்கிறது, அதில் பகலிலும் வேலை செய்யலாம் என்று தெரிந்ததும் அந்தக் கவலை போய்விட்டது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சிறப்பு வகுப்பில் இவர் ஒருவர்தான் பெண். உள்ளே நுழையும்போதெல்லாம் பையன்கள் விசிலடித்து, மேசையைத் தட்டி, காலால் தரையை மிதிப்பார்கள். முகம் சிவக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன் என்று சொல்கிறார்.

அப்புறம் கேம்பிரிட்ஜ். இங்கேதான் அவர் பேச்சு நிஜமாகவே உயரும். ஆய்வு மாணவி என்றால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு குறிப்பெடுப்பவர் என்று நினைக்கிறோம். இவருடைய முதல் இரண்டு வருடங்கள் தொலைநோக்கி கட்டுவதிலேயே போயின. நாலரை ஏக்கர் நிலம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டெனாக்கள், மைல் கணக்கில் கம்பி. சிறு குழுவாகச் சேர்ந்து கம்பம் நட்டார்கள். ஆய்வு முடியும்போது பெரிய சம்மட்டியைச் சுழற்றி அடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வார். குவாசர்களை, அதாவது மிகமிகத் தொலைவிலிருந்து ஒளியும் ரேடியோ அலையும் வீசும் விண்மீன் மண்டல மையங்களை, தேடத்தான் அந்தத் தொலைநோக்கி. 1967 ஜூலையில் வேலை செய்ய ஆரம்பித்ததும் அதை இயக்குவது, வரும் தாள்களைப் படிப்பது எல்லாம் இவர் பொறுப்பு. கணினி எதுவும் கிடையாது. தொலைநோக்கிக்கு வரும் சமிக்ஞையைப் பேனா வரைந்து தள்ளும் தாள் ஒரு நாளைக்குச் சுமார் நூறு அடி. வானத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்து முடிக்க நான்கு நாள், அதாவது நானூறு அடித் தாள். அதை அடி அடியாகக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்த நானூறு அடியில் ஒரு அங்குலத்துக்கும் குறைவான ஒரு கிறுக்கல். குவாசர் மாதிரியும் இல்லை, பக்கத்துச் சாலையில் போகும் வண்டியின் இரைச்சல் மாதிரியும் இல்லை. இதை எங்கேயோ முன்பே பார்த்திருக்கிறோமே என்று பழைய தாள்களைப் புரட்டினார். வானத்தின் அதே இடத்திலிருந்து அது முன்பும் வந்திருந்தது.

ஏன் கண்ணில் பட்டது என்று கேட்டால் அவர் சொல்லும் காரணத்தை என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். கேம்பிரிட்ஜில் எல்லோரும் தன்னைவிடப் புத்திசாலிகள், தன்னைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள், சீக்கிரம் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். சரி, அனுப்பும்வரை முழு மூச்சாக வேலை செய்வோம், அப்போது மனசு உறுத்தாது என்று முடிவு செய்தார். அதனால் ஒரு அங்குலத்தைக்கூட விடவில்லை. வட அயர்லாந்திலிருந்து வந்த பெண், அந்த இடத்துக்கு வெளியாள் என்ற உணர்வு அவருக்குள் இருந்தது. மண் தெரிகிறதா என்று கேட்டீர்களே, இங்கேதான் தெரிகிறது. அயர்லாந்தைப் பற்றித் தனியாகக் கேட்டு வாங்கிய பதிலில் இதெல்லாம் வராது. தாளை எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டதால் வந்தது.

கதையின் மிச்சமும் அவர் வாயால் கேட்க வேண்டியது. அந்தக் கிறுக்கலை விரித்துப் பார்க்கத் தாளை வேகமாக ஓடவிட வேண்டும். வாரக்கணக்கில் தினமும் போய் முயன்றபோது ஒன்றும் வரவில்லை. ஒருநாள் ஒரு சொற்பொழிவுக்குப் போய்விட்டார், அன்றைக்குப் பார்த்து அது வந்துவிட்டுப் போயிருந்தது. கடைசியில் 1967 நவம்பர் 28 அன்று பிடித்தார்: சுமார் 1.33 வினாடிக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் தோற்கும் ஒழுங்கு. மனிதர்கள் செய்த ஏதோ ஒன்றுதான் என்றார் வழிகாட்டி ஆண்டனி ஹூவிஷ். இல்லை, நட்சத்திரங்களோடு சேர்ந்தே அது நகர்ந்தது. வேற்றுக்கிரகவாசிகளோ என்ற பேச்சுகூட எழுந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அதை எப்படி வெளியிடுவது என்று பெரியவர்கள் கூடிப் பேசியபோது இவருக்கு எரிச்சல்தான் வந்தது. ஆய்வுப் பட்டம் வாங்கப் போராடிக்கொண்டிருக்கிறேன், இந்த வேற்றுக்கிரகவாசிகள் என் ஆண்டெனாவைத்தானா தேர்ந்தெடுக்க வேண்டும் என்று.

அன்று இரவே மறுபடி ஆய்வகத்துக்குப் போய்த் தாளைப் பார்த்தார். வானத்தின் வேறு மூலையில் இன்னொரு கிறுக்கல். கடும் குளிரில் அதிகாலையில் தொலைநோக்கிக்குப் போனால் கருவி மக்கர் செய்கிறது. அதன் மேல் மூச்சை ஊதி, திட்டி, ஐந்து நிமிடம் மட்டும் ஓடவைத்தார். அந்த ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. சுமார் 1.2 வினாடிக்கு ஒரு துடிப்பு. இரண்டு வேறு திசைகளில் இருந்து இரண்டு நாகரிகங்கள் ஒரே நேரத்தில் பூமியை அழைக்காது. இயற்கையின் புது வகைப் பொருள் ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்று அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பல்சர் என்று இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது, வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன் (வெடித்த பெரிய விண்மீனின் மிக அடர்த்தியான மிச்சம்), இதுதான்.

நம்மூர் ஆட்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த கேம்பிரிட்ஜ் தொலைநோக்கி, குவாசர் போன்ற ரேடியோ மூலங்கள் சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் துகள்களின்) ஊடாக மினுங்குவதை அளந்து அவற்றைக் கண்டுபிடிப்பதற்காகக் கட்டப்பட்டது. 1970இல் இந்திய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழு ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் மலைச் சரிவோடு சரிவாக அமைத்த 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியும் அதே மினுங்கலையும் பல்சர்களையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

இப்போது அந்த மோசமான நேர்காணல்களுக்கு வருகிறேன். 1968 பிப்ரவரியில் ஆய்வுக் கட்டுரை வந்ததும் பத்திரிகைக்காரர்கள் குவிந்தார்கள். கண்டுபிடிப்பின் வானியல் முக்கியத்துவத்தை ஹூவிஷிடம் கேட்டார்கள். இவரிடம் கேட்டது: இளவரசி மார்கரெட்டைவிட நீங்கள் உயரமா, எத்தனை ஆண் நண்பர்கள் இருக்கிறார்கள்? புகைப்படக்காரர்கள் சட்டையின் பொத்தானைக் கழற்றச் சொன்னார்கள். தாளைக் கண்ணால் படித்த ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், யாரும் தாளைப் பற்றிக் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை இதைப் படிக்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் செய்தியாளர்கள் அவரை மட்டும் அவமதிக்கவில்லை. அன்றைக்கு வாசகனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கதையையும் சேர்த்துத் தொலைத்தார்கள்.

1974இல் இயற்பியல் நோபல் பரிசு ஹூவிஷுக்கும் கேம்பிரிட்ஜ் ரேடியோ வானியல் குழுத் தலைவர் மார்ட்டின் ரைலுக்கும் போனது. இவருக்கு இல்லை. எந்த நேர்காணலாக இருந்தாலும் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். 1977இல் ஒரு விருந்து உரையில், மிக அபூர்வமான சந்தர்ப்பம் தவிர மாணவர்களுக்கு நோபல் கொடுப்பது அந்தப் பரிசின் மதிப்பைக் குறைக்கும், இது அப்படிப்பட்ட சந்தர்ப்பம் என்று நினைக்கவில்லை என்றார். அதை நான் ஏற்கவில்லை. இது அபூர்வச் சந்தர்ப்பமேதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவரிடம் கசப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். 2018இல் முப்பது லட்சம் டாலர் சிறப்பு பிரேக்த்ரூ பரிசு வந்தபோது முழுத் தொகையையும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். பெண்கள், அகதிகள், சிறுபான்மையினர் என இயற்பியலில் குறைவாக இருப்பவர்களுக்கு அது போகிறது. வெளியாளாக இருந்ததால்தான் நான் அதைக் கண்டுபிடித்தேன், இன்னும் வெளியாட்கள் உள்ளே வரட்டும் என்பது அவர் தரப்பு.

அந்த 1977 உரையை எழுத்து வடிவில் படியுங்கள், சிறியதுதான். பிறகு பிபிசி வானொலியில் ஜிம் அல்-கலீலியுடன் அவர் பேசியதைக் கேளுங்கள். அல்-கலீலி தானே இயற்பியலாளர் என்பதால் எங்கே நிறுத்திக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அடுத்தவர் வில்லியம் கேம்பல். டொனெகால் பகுதியின் ராமெல்டன் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். அங்கே டெஸ்மண்ட் ஸ்மித் என்ற பேராசிரியர் ஒட்டுண்ணிப் புழுக்கள் மேல் ஆர்வத்தை உண்டாக்கித் தன் வாழ்க்கையையே மாற்றினார் என்று எங்கே போனாலும் சொல்வார். பிறகு அமெரிக்காவில் மெர்க் நிறுவனம். ஜப்பானில் சத்தோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்து அனுப்பிய நுண்ணுயிர்களில் ஒன்று, எலிகளின் குடலிலிருந்த புழுவைக் கொன்றது. ஐவர்மெக்டின் அதிலிருந்துதான் வந்தது. கொரோனா காலத்தில் வேறு காரணத்துக்காக நம் காதில் விழுந்த பெயர். அதன் உண்மையான பெருமை, ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவர்களை, ஒட்டுண்ணிப் புழுவால் கண் பார்வை போகும் ஆற்றுக் குருட்டு நோயிலிருந்து காத்தது. 1987இல் நிறுவனம் அந்த நோய்க்கு மருந்தை இலவசமாகவே கொடுப்பதாக அறிவித்தது. 2015இல் மருத்துவ நோபல் பரிசின் பாதியைக் கேம்பலும் ஓமுராவும் பகிர்ந்துகொண்டார்கள்.

அவர் பேட்டிகளில் எனக்குப் பிடித்தது, தனக்கு வரும் புகழைப் பிடிவாதமாகப் பிரித்துக் கொடுப்பது. நிறுவனக் குழு, வேதியியலாளர்கள், களத்தில் மருந்தைச் சோதித்த மருத்துவர் என்று ஒவ்வொருவராக உள்ளே கொண்டுவருவார். இயற்கை செய்வதுபோல் மூலக்கூறுகளை நாமும் செய்துவிடலாம் என்று நினைப்பது மனித கர்வம் என்றும் சொல்லியிருக்கிறார். ஓய்வு நேரத்தில் இவர் வரைவது அந்தப் புழுக்களைத்தான். அதைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சு சூடு பிடித்துவிடும்.

கவிதைப் பக்கம் உள்ளவர்களுக்கு ஷேமஸ் ஹீனியும் டென்னிஸ் ஓ’டிரிஸ்கோலும் செய்த நீண்ட உரையாடல், 2008இல் புத்தகமாக வந்தது. ஓ’டிரிஸ்கோல் தானும் கவிஞர், பதினாறு வயதிலிருந்து டப்ளினில் வரித்துறை ஊழியர். உரையாடல் பெரும்பாலும் தபாலில்தான் நடந்தது. அவர் கேள்விகளை எழுதி அனுப்புவார், ஹீனி நேரம் எடுத்து எழுதி அனுப்புவார். அவசரமில்லாத அந்த வேகம் பதில்களில் தெரிகிறது. டெர்ரி பகுதிப் பண்ணை வீடு, பெல்பாஸ்டில் பள்ளி ஆசிரியராக இருந்த நாட்கள், அங்கே கலவரம் நடந்த காலத்தில் எழுதுவது என்ன மாதிரி வேலையாக இருந்தது என்பதெல்லாம் ஒவ்வொரு கவிதைத் தொகுப்பாக நகர்கிறது. ஹீனி சுயசரிதை எழுதவில்லை, அதற்குப் பதில் இருப்பது இதுதான். ஓ’டிரிஸ்கோல் 2012 டிசம்பரில் இறந்தார், ஹீனி அடுத்த ஆகஸ்டில். அந்த உரையாடல் நடந்திருக்காவிட்டால் எவ்வளவு போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தடிமனான புத்தகம், அதனால் அதை உடனே எடுக்க வேண்டாம். ஹீனியின் ஆரம்பக் கவிதைகளில் ஒரு பத்தாவது படித்துவிட்டு எடுத்தால்தான் கேள்விகள் எதைத் தொடுகின்றன என்று பிடிபடும். பெல் பர்னெல்லுக்கு அப்படி எந்தத் தயாரிப்பும் தேவையில்லை. பேச்சில் தெளிவு இருக்கும், உச்சரிப்பும் பழகிவிடும், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே புரிகிறது. இன்று ராத்திரி அரை மணி நேரம் இருந்தால் அந்த வானொலிப் பேச்சைப் போட்டுக் கேளுங்கள். வீட்டில் படிக்கிற பெண் பிள்ளை இருந்தால் கூட உட்காரவையுங்கள்.