கண் வியூஃபைண்டரில், விரல் எங்கே? – கேமரா டயல், பட்டன் பற்றிய கேள்வி பதில்

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் 20 வருஷமாகக் கேமரா சர்வீஸ் பார்க்கிறேன். முகூர்த்த நாளென்றால் நானும் ஒரு கேமரா பாடியை (லென்ஸ் மாட்டும் உடல் பகுதி) தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பிவிடுவேன். டயலும் பட்டனும் எங்கே இருந்தால் கைக்கு வசதி என்று பலரும் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, கேனான்ல பழகிட்டு நிக்கானுக்கு மாறினேன். வீல் பின்னால இருக்கு, லென்ஸ்கூட எதிர்ப்பக்கம் திரும்புது. எல்லாரும் ஒரே மாதிரி வச்சா என்ன?

அவரவர் வழி அவரவருக்கு, தம்பி. 1986-ல் வந்த டி90 ஃபிலிம் கேமராவிலேயே கேனான் மேல்பக்கத்தில், படம் எடுக்க அமுக்கும் ஷட்டர் பட்டனை ஒட்டிப் பின்னால், அளவுகளை மாற்றச் சுற்றும் வீல் ஒன்றை வைத்துவிட்டது. மறுவருஷம் தொடங்கிய ஈஓஎஸ் வரிசை அதையே பிடித்துக்கொண்டது. 1989-ல் ஈஓஎஸ்-1 வந்தபோது முதுகுப் பக்கம் கட்டைவிரலுக்கென்று பெரிய வட்டம் ஒன்று சேர்ந்தது. நிக்கானோ 1988-ல் எஃப்-801-ல் வீலை முதுகுப் பக்கம் வைத்துக் கட்டைவிரலை நம்பியது. 1996-ன் எஃப்5-ல் முன்பக்கமும் ஒரு வீல் உண்டு.

கையில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கேனானின் மேல் வீலைத் திருப்பும் அந்த நொடி ஆள்காட்டி விரல் ஷட்டரை விட்டு விலகுகிறது. நிக்கானில் விரல் ஷட்டர்மேலேயே நிற்கும். ஆனால் கட்டைவிரல் நகரும்போது பிடி கொஞ்சம் தளரும். தாலி கட்டுகிற நேரத்தில் எனக்கு ஷட்டர்தான் முக்கியம், அதனால் என் ஓட்டு கட்டைவிரலுக்கு. வீல் சுற்றும் திசையை நிக்கான் மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். லென்ஸ் மாட்டும் திசைக்குத்தான் வழியில்லை, பழகித்தான் ஆக வேண்டும்.

என்கிட்ட கேனான் 1500டி. ஒரே வீல்தானே, மேனுவல்ல அப்பர்ச்சர் எப்படி மாத்துறது?

அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை மாற்ற, பின்பக்கம் ஏவி என்று போட்ட பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே மேல் வீலைத் திருப்புங்கள். கட்டைவிரல் அமுக்க, ஆள்காட்டி விரல் சுற்ற, ஒரு வாரம் சிரமமாக இருக்கும். அப்புறம் மறந்தே போகும்.

அலங்காநல்லூர்ல வாடிவாசல் பக்கத்துக் கம்பியில சாஞ்சு எடுத்தேன். நடுவுல இருந்து அத்தனை படமும் கறுப்பு. கேமரா போச்சாண்ணே?

கேமராவுக்கு ஒன்றுமில்லை. வலது மூலையில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் டயல் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) இருக்கிற பாடியா பாருங்கள். கம்பியோ பக்கத்து ஆள் முழங்கையோ உரசினால் போதும், மைனஸ் இரண்டுக்குப் போய் உட்கார்ந்துவிடும். சோனி ஏ7 மூன்றில் அந்த டயலுக்குப் பூட்டு கிடையாது. ஏ7 நான்கில் எண்ணே போடாத வெறும் டயலாக்கி, பூட்டும் வைத்துவிட்டார்கள். பூட்டிலும் ரகம் உண்டு. ஃபுஜி எக்ஸ்-டி1-ல் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) டயலின் நடுப் பொத்தானை அமுக்கிக்கொண்டேதான் சுற்ற முடியும். எக்ஸ்-டி2-ல் ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும், இன்னொரு தட்டுக்குப் பூட்டும். பேனா மூடி போல. எனக்கு இதுதான் பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். களத்தில் பரப்புகிற தேங்காய் நார்த்தூள் டயல் இடுக்கில் போய் அடைகிறது. தைப் பொங்கல் முடிந்த வாரம் என் மேஜையில் விரிக்கிற வெள்ளைத் துணி பழுப்பாகிவிடும். ஒரு கிளிக் திருப்பினால் இரண்டு தாவுகிறது, முன்னால் சுற்றினால் எண் பின்னால் போகிறது என்பார்கள். கல்யாண கேமராக்களில் இதே வேலையை விபூதியும் சந்தனமும் செய்யும். வீட்டில் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள். மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், போகாவிட்டால் கொண்டுவாருங்கள்.

எல்லாத்தையும் தொடுதிரையிலேயே வச்சுட்டா பட்டன் எதுக்கு?

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக்கு வந்து பாருங்கள். தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்துக்குள் நிற்கும்போது ஈரத் திரை விரலுக்கும் துளிக்கும் வித்தியாசம் தெரியாமல் தடுமாறும். வீலுக்கு ஈரமும் காய்ந்ததும் ஒன்று. கேனானே 2018-ல் ஈஓஎஸ் ஆர்-ல் பின்பக்கம் தொட்டு நகர்த்தும் பட்டை ஒன்றை வைத்துப் பார்த்தது. 2020-ல் ஆர்5, ஆர்6 வந்தபோது பட்டை போய் அங்கே ஜாய்ஸ்டிக் வந்துவிட்டது.

ஆர்6-ம் ஆர்6 மார்க் 2-ம் சேர்த்து வச்சுக்கலாமா?

வைக்கலாம், எச்சரிக்கையாக. முதலாவதில் ஆன்-ஆஃப் இடது தோளில். இரண்டாவதில் அது வலது பக்கம் போய், பழைய இடத்தில் போட்டோ-வீடியோ சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறது. ஆஃப் பண்ணுவதாக நினைத்து வீடியோவுக்குத் தள்ளிவிடுவீர்கள். எனக்கென்றால் இரண்டும் ஒரே பாடியாக இருக்கட்டும்.

என் மகளுக்கு இடக்கைப் பழக்கம். அவளுக்குத் தோதான கேமரா உண்டாங்கய்யா?

1936-ல் வந்த கினே எக்ஸாக்டாவில் ஷட்டர் இடது பக்கம்தான் இருந்தது. இன்று கடையில் கிடைப்பதெல்லாம் வலக்கைக்கானது. ஆனால் கவலை வேண்டாம்மா. லென்ஸைத் தாங்குவதும் ஜூம் திருப்புவதும் இடக்கை வேலை. பாப்பா அதில் சீக்கிரம் தேறிவிடும்.

அரிட்டாபட்டியில வல்லூறு எடுக்கப் போறேன். பேக் பட்டன் ஃபோகஸ் அவசியமா?

ஃபோகஸ் வேலையை ஷட்டரிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பட்டனுக்குக் கொடுப்பதுதான் பேக் பட்டன் ஃபோகஸ். அவசியம் என்று சொல்ல மாட்டேன், சுகம். ஃபோகஸுக்கென்றே உள்ள ஏஎஃப்-ஆன் பட்டனைக் கட்டைவிரலுக்குக் கொடுத்துவிட்டால் பறவை பாறையில் உட்கார்ந்ததும் விரலை எடுத்துவிடலாம், ஃபோகஸ் அங்கேயே நிற்கும். பறந்தால் மறுபடி அமுக்கு. ஷட்டரில் ஃபோகஸையும் சேர்த்து வைத்திருந்தால், நடுவில் ஒரு புல் வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஏஎஃப்-ஆன் இல்லாத கேனான் பாடியில் நட்சத்திரக் குறி பட்டனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கண்டிஷன்: அந்தக் கேமராவை மாமாவிடம் கொடுத்து "ஒரு போட்டோ எடுங்க" என்று சொல்லாதீர்கள். அவர் ஷட்டரை மட்டும் அமுக்குவார், ஃபோகஸ் ஆகாது.

பழைய கேமரா வாங்கப் போறேன், டயல்ல என்ன பாக்கணும்?

ஷட்டர் கவுண்ட் (இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) குறைவு என்பார்கள். நீங்கள் பின் வீலைத் தடவிப் பாருங்கள். ரப்பர் பல் மழுங்கி வழவழவென்று இருந்தால் அது மண்டபம் மண்டபமாக உழைத்த பாடி. பிறகு கண்ணை வியூஃபைண்டரில் வைத்து, ஷட்டர் ஸ்பீடை மெதுவாக 10 கிளிக் மேலே, 10 கிளிக் கீழே கொண்டுபோங்கள். தொடங்கிய எண்ணிலேயே வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் வீல் மாற்றுகிற செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.